எங்கள் வீடே ஜெர்மனி

என் அப்பா எர்வின் கோர்ட்மனுக்கு ஜெர்மன் மொழியில் நான்கு விஷயங்கள் தெரியும்: சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம், ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் சரணம், ஜெர்மன் சங்கத்து ஆண்டு விருந்தில் கோப்பையை உயர்த்திச் சொல்லும் வாழ்த்துரை, தீயணைப்புப் படையின் கட்டளைகள். எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை சம்பளமில்லாத தொண்டர் படை. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆரம்பித்தது என்பதால் இன்றைக்கும் கட்டளைகள் ஜெர்மனில்தான். வீட்டுக்காரர் ஸ்பானிஷில் கத்துவார், அணைக்க வந்தவர் ஜெர்மனில் கத்துவார். தண்ணீருக்கு இரண்டும் புரியும்.

இந்த நான்கை வைத்துக்கொண்டு அப்பா இத்தனை வருஷம் ஜெர்மானியராக வாழ்ந்துவிட்டார். சிலி நாட்டின் தெற்கில், ஒசோர்னோவுக்கும் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் அது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. மொழி தாத்தாவோடு போய்விட்டது. பெயரும் தலைமுடியின் நிறமும் மிச்சம், அதிலும் தலைமுடி எனக்கு இப்போதே கொட்ட ஆரம்பித்துவிட்டது. சங்கத்தில் யாராவது ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் “யா, யா, கெனாவ்” என்று தலையாட்டுவார்கள். ஆமாம், ஆமாம், அதேதான் என்று அர்த்தம். அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் பீர் வந்துவிடும். இந்த வருஷம் அந்தச் சங்கத்துக்கு அப்பாதான் தலைவர்.

அம்மாவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அம்மா, சுலேமா பாரியா, சிலோயே தீவுக்காரி. மீன்பிடிப் படகுச் சமையல்காரரின் மகள். அவள் வாயைத் திறந்தால் ஸ்பானிஷிலேயே தீவு வந்து நிற்கும். அதனால் சங்க விருந்து என்றால் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். இது அப்பாவின் ஏற்பாடு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. கோர்ட்மன் வீட்டு அம்மாவுக்கு ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளாது என்று ஊரே வருத்தப்படும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் பள்ளிக்கூடம் கைவைத்தது.

எங்கள் ஊர் ஜெர்மன் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்களை ஜெர்மனிக்கு அனுப்பும் வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. டிசம்பரில் போய் மூன்று மாதம் அங்கே ஒரு வீட்டில் தங்கி அவர்கள் பள்ளியில் படிக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த ஜூலையில் வந்து இவர்கள் வீட்டில் மூன்று மாதம் தங்கும். என் காலத்தில் விருப்பமிருந்தால் போகலாம் என்று இருந்தது. அப்பாவுக்கு விருப்பமில்லை, நான் போகவில்லை. இப்போது என் தங்கை ரோஸ்விதா பத்தாவது. இந்த மார்ச்சில் ஜெர்மனியிலிருந்தே வந்து பொறுப்பேற்ற தலைமையாசிரியை டாக்டர் லூட்கே, பயணம் எல்லாருக்கும் கட்டாயம், போகாதவர்களுக்கு அடுத்த வகுப்பில் இடமில்லை என்று அறிவித்துவிட்டார்.

ரோஸ்விதா துள்ளினாள். அவளுக்கு பிரேமன் நகரத்தில் ஒரு பெண்ணை ஜோடியாகப் போட்டிருந்தார்கள், நீலே என்று பேர். இரண்டு பேரும் போனில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். என் தங்கை கண்ணாடி முன்னால் நின்று ஜெர்மனில் சண்டை போடப் பழகுவாள். வெளிநாட்டில் முதலில் தேவைப்படுவது அதுதான் என்பது அவள் கணக்கு.

அப்பாவுக்கு அவள் போவதில் பயமில்லை. பதிலுக்கு நீலே வருவாள், அதுதான் பயம். மூன்று மாதம் ஒரு நிஜ ஜெர்மன் பெண் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பாள். ஜெபத்தையும் வாழ்த்துரையையும் வைத்து இரண்டு நாள் தள்ளலாம். அதற்குப் பிறகு வீட்டைக் கொளுத்தினால்தான் அப்பாவால் தொடர்ந்து ஜெர்மன் பேச முடியும். சங்கத்துத் தலைவர் வீட்டில் ஒரு சொல் ஜெர்மன் கிடையாது என்று அந்தப் பெண் வகுப்பில் சொல்லுவாள். வகுப்பில் சொன்னது சங்கத்துக்கு வர ஒரு மத்தியானம் போதும்.

ஆகவே அப்பா பள்ளியோடு சண்டைக்குக் கிளம்பினார். முதலில் அங்கே குளிர் அதிகம் என்றார். எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாதம், விறகடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு இதை எழுதினார். கோட்டு கொடுக்கிறோம் என்று பள்ளி பதில் சொன்னது. அப்புறம் ரோஸ்விதாவுக்கு மூச்சிரைப்பு என்றார். அவள் பள்ளி நீச்சல் அணியின் தலைவி என்பதை லூட்கே மரியாதையாக நினைவுபடுத்தினார். பணமில்லை என்று சொல்ல வழியில்லை, ஊரிலேயே பெரிய ஹார்டுவேர் கடை எங்களுடையது. கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது என்று முடிவு செய்தார். நான் குளிர்கால விடுமுறைக்கு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் வால்டிவியாவிலிருந்து வந்திருந்தேன். அம்மாவுக்குத் தொண்டை சரியில்லாததால் அப்பாவுக்குத் துணையாக நான் போனேன்.

அப்பா நன்றாகப் பேசினார். அதுதான் பிரச்சினை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப் பள்ளிக்கு என்ன உரிமை என்று ஆரம்பித்தார். காட்டை வெட்டிய முன்னோர்கள், மழை, முதல் மரவீடு எல்லாம் வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டலைப் பார்த்ததும் அவருக்கு வேகம் பிடித்துவிட்டது.

“எங்க பிள்ளைங்க ஜெர்மன் கத்துக்க ஏன் ஜெர்மனிக்குப் போகணும்? என் வீட்டுல காலைல எழுந்ததுலேர்ந்து ஜெர்மன்தான். எங்க வீடே ஜெர்மனி.”

கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் ஓலாஃப் ஷூட்லர், சங்கத்தின் துணைத் தலைவர், எழுந்து தன் வீடும் அப்படித்தான் என்றார். பால்பண்ணைக்காரர் ஒருவர் தன் மாடுகளுக்கே ஜெர்மன்தான் புரியும் என்றார். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வீடுகளை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டே போனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஏரியையும் சேர்த்திருப்பார்கள்.

லூட்கே எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். மெலிந்த, உயரமான பெண்மணி. ஸ்பானிஷைப் புத்தகத்தில் கற்றவர், அதனால் அவர் பேச்சு எப்போதும் மேடையில் பேசுகிற மாதிரியே இருக்கும். அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“எர்வின் அவர்களே, இது எனக்கு மிக மகிழ்ச்சியான செய்தி,” என்றார். “ஜெர்மன் பேசும் வீட்டில் மூன்று மாதம் வாழ வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். தங்கள் மகள் பிறந்தது முதல் அப்படித்தான் வாழ்கிறாள் என்றால், அவள் போகத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீருக்கு வரலாமா? இது வெறும் சம்பிரதாயம்தான். முதலில் தங்கள் வீடு, பிறகு மற்ற வீடுகள்.”

அப்பா ஜெயித்துவிட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

வீட்டில் இப்போது ஜெர்மன் பேசத் தெரிந்தது ரோஸ்விதாவுக்கு மட்டும். நான் அதே பள்ளியில் படித்தவன்தான், பாதி புரியும், கால்வாசி பேசுவேன். ஆக ஞாயிற்றுக்கிழமை அவள்தான் வீட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும். மறுநாள் கடையில் அப்பா அவளைக் கூப்பிட்டு, நீ பேசிக்கொண்டே இரு, மற்றதை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றார்.

ரோஸ்விதா கல்லாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“நான் நல்லா பேசினா நான் போக முடியாது. மோசமா பேசினா உங்க மானம் போயிடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்கப்பா.”

அப்பா ஆணிப் பெட்டியைப் பார்த்தார். இரண்டு அங்குல ஆணிகளுக்குள் ஒரு மூன்று அங்குல ஆணி கிடந்தது. அதை எடுத்துச் சரியான பெட்டியில் போட்டார்.

“நல்லா பேசு,” என்றார்.

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. கதவைச் சாத்தியிருந்தால் எங்கள் எல்லாருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் பங்குக்கு நான் அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். மூன்று சொற்கள் போதும் என்றேன். ‘யா’ என்றால் ஆமாம். ‘கெனாவ்’ என்றால் அதேதான். ‘ஆக் ஸோ’ என்றால் அப்படியா. இந்த மூன்றையும் வரிசை மாற்றிப் போட்டாலே எந்தப் பேச்சிலும் கரை சேரலாம், வால்டிவியாவில் பாதிப் பேராசிரியர்கள் இதைவிடக் குறைவாகத்தான் சொல்கிறார்கள் என்றேன். அப்பா சிரிக்கவில்லை. பெயின்ட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஆக் ஸோ சொல்லிப் பழகினார். ஐம்பது தாண்டிய மனுஷர், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு என் நகைச்சுவை கொஞ்சம் கசந்தது. ஆனாலும் உச்சரிப்பைத் திருத்தினேன்.

ஞாயிறு வந்தது, மழையும் வந்தது. அம்மா மேஜையில் இரண்டு வகை கேக், பன்றித் தொடை, புகையூட்டிய சீஸ், அவகாடோ எல்லாம் வைத்தாள். காலையில் அவளே சுட்ட மில்காவ் ஒரு தட்டு இருந்தது. உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துத் தீவில் செய்கிற ரொட்டி அது. அதை யாரும் சொல்லாமலே அடுப்படியில் துணி போட்டு மூடிவைத்துவிட்டு, கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

லூட்கே ஒரு பூந்தொட்டியோடு வந்தார். உட்கார்ந்ததும் அப்பா கைகளைக் கோத்து ஜெபம் சொன்னார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாத்தாவிடமிருந்து அப்படியே காதில் வாங்கியது. லூட்கே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முடிந்த பிறகும் சிறிது நேரம் திறக்கவில்லை.

பிறகு அவரே தேநீர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். அப்பாவின் கோப்பையில் ஊற்றிக்கொண்டே ஜெர்மனில் ஏதோ கேட்டார். கோப்பை நிறைந்துகொண்டே வந்தது. அப்பா எங்களைப் பார்த்தார். ரோஸ்விதா வாயைத் திறப்பதற்குள், தீயணைப்புப் படையின் மூத்த தொண்டர் எர்வின் கோர்ட்மன் கணீரென்று ஜெர்மனில் கட்டளையிட்டார்:

“தண்ணீரை நிறுத்து!”

லூட்கே திகைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். போதுமானபோது சொல்லுங்கள் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அது தெரியாது, ஆனால் தான் சொன்னது எடுபட்டுவிட்டது என்று தெரிந்தது. முதுகு நிமிர்ந்தது. யா என்றார், கெனாவ் என்றார், கேக்கை நீட்டினார். அந்தக் கால் மணி நேரம் என் அப்பா ஜெர்மன் பேசினார் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வேன்.

அந்தத் தைரியம்தான் கவிழ்த்தது. லூட்கே ஜன்னலைக் காட்டி, இந்த மழை எத்தனை மாதம் பெய்யும் என்று கேட்டார். எனக்கே புரிந்த கேள்வி. அப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் கீழே பார்த்தேன்.

“பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே,” என்று ஜெர்மனில் ஆரம்பித்தார் அப்பா, “கடல் கடந்து வந்த நம் மூதாதையரின் வியர்வையை நினைவுகூர்ந்து, நம் கோப்பைகளை உயர்த்துவோமாக. சங்கம் நீடூழி வாழ்க.”

அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. ரோஸ்விதா சளைக்கவில்லை. முதல் முறை வரும் விருந்தாளி எந்தக் கேள்வி கேட்டாலும், பதிலுக்கு முன்னால் எழுந்து முன்னோர்களை நினைப்பது எங்கள் குடும்ப வழக்கம், கப்பலில் வந்த காலத்திலிருந்து இருக்கிறது என்று ஜெர்மனில் அழகாக விளக்கினாள். சொல்லிவிட்டு, மழை செப்டம்பர் வரைக்கும் பெய்யும் என்று அப்பா சார்பில் பதிலும் சொன்னாள். என் தங்கை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாகச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது.

லூட்கே மார்பில் கைவைத்துக்கொண்டார். இந்த மாதிரிப் பழைய, கம்பீரமான ஜெர்மன் எங்கள் நாட்டிலேயே இப்போது இல்லை என்றார். கடல் கடந்து போனவர்களின் பேச்சை ஆராய்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள், நாளைக்கே அவளிடம் சொல்லப்போகிறேன் என்றார். நான் உடைந்த ஜெர்மனில் என் படிப்பைப் பற்றிச் சொன்னதையும் வட்டார வழக்கு என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை என்று ரோஸ்விதா சொன்னதும் எழுந்து போய், அம்மாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். என்னென்னமோ இலை போட்டுக் குடிக்கும் கஷாயம் ஒன்றைச் சொன்னார். அவர் கைக்கு அடியில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காது சிவந்து போயிற்று. காய்ச்சல் இல்லாத நெற்றியை ஒருவர் அவ்வளவு கரிசனமாகத் தொடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. கேக் சாப்பிட்டேன்.

கடைசியாக லூட்கே ரோஸ்விதாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். அப்பா மேஜைக்கு அடியில் என் காலை உதைத்தார்.

“என்னடா சொல்றா?”

“ஜெர்மனியைப் பார்க்க ஆசையில்லையான்னு கேட்டாங்க. இல்ல, எனக்கு வேண்டியதெல்லாம் இந்த வீட்டுலயே இருக்குன்னு சொல்றா.”

அப்பா அவளைப் பார்த்தார். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தடவிய ரொட்டி. லூட்கே அப்பாவிடம் திரும்பி நீளமாக ஒன்று சொன்னார், இப்படி ஒரு மகளைப் பெற்றதற்குப் பாராட்டு என்பது போல. கெனாவ் சொல்ல வேண்டிய இடம் அது. அப்பாவுக்கு அது வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது சத்தமே இல்லை.

லூட்கே எழுந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். ரோஸ்விதாவுக்கு விலக்கு உண்டு என்று ஸ்பானிஷில் அறிவித்தார். அப்பா அவருடைய மழைக்கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். லூட்கே ஒரு கையைக் கோட்டுக்குள் விடுவதற்காகப் பின்னால் நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“மேடம்,” என்றார் அப்பா, “இந்த வீட்டுல ஜெர்மன் பேசத் தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான். அவளும் உங்க ஸ்கூல்ல கத்துக்கிட்டதுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது.”

லூட்கே நீட்டிய கையை இறக்கவில்லை.

“பிறகு, தாங்கள் எழுந்து நின்று சொன்னது?”

“அது சங்கத்து வாழ்த்துரை. வருஷா வருஷம் சொல்றது. அர்த்தம் தெரியாது.”

“தேநீர் ஊற்றியபோது?”

“அது தீயணைப்பு.”

லூட்கே கண்டுபிடித்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறார் என்று நான் அதுவரை ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் நல்லது. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கழுத்திலிருந்து மேலே மேலே சிவப்பு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் கேட்டதும், மார்பில் கைவைத்ததும் அவர் நினைவுக்கு ஒவ்வொன்றாக வருவதை எங்களால் பார்க்க முடிந்தது. “நான் மிகவும் ரசித்துவிட்டேன்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பா மன்னிப்புக் கேட்டார். அவரும் ஏனோ மன்னிப்புக் கேட்டார். மற்ற வீடுகளும் இப்படித்தானா என்று கேட்டதற்கு, அவங்களைப் பற்றி நான் சொல்ல முடியாது மேடம் என்றார் அப்பா. அது போதுமான பதிலாக இருந்தது. பயணப் பட்டியலில் ரோஸ்விதா பெயர் இருக்கும், ஆனால் கூட்டத்தில் கேட்ட விலக்கை அப்பா கூட்டத்திலேயே திரும்பப் பெற வேண்டும் என்று சொல்லிவிட்டு, கோட்டைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டே மழையில் இறங்கினார்.

ரோஸ்விதா துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். இதை அன்றைக்குக் கடையிலேயே சொல்லியிருக்கலாம், என்னை இவ்வளவு பேசவைத்துவிட்டுச் சொன்னீர்களே, இனி அவர் வகுப்பில் நான் வாயைத் திறந்தால் எதை நம்புவார் என்று கேட்டாள்.

அம்மா கழுத்துத் துண்டை நிதானமாகக் கழற்றி, மடித்து, லூட்கே உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தாள்.

“அடுத்த ஜூலையில அந்தப் புள்ள வரும்,” என்றாள். “மூணு மாசம் இருக்கும். அப்ப எனக்கு என்ன சீக்கு வரணும்னு இப்பவே சொல்லிருங்க, நான் தயாராகணும்ல.”

கிண்டலாகச் சொல்லவில்லை. சாயங்காலம் என்ன சமைக்க என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். அப்பா ஒரு சீக்கும் வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்க முடியாமல் பூந்தொட்டியைப் பார்த்துச் சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய், மூடிவைத்த தட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்களைக் கூப்பிடவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பல் டாக்டர் ஓலாஃப் கடைக்கு வந்தபடி இருந்தார். ஒருநாள் திருகாணி, ஒருநாள் பல்பு. அந்த அம்மா கடினமாக ஏதாவது கேட்டார்களா, வினைச்சொல் எல்லாம் கேட்பார்களா என்று சுற்றி வளைத்து விசாரித்தார். அப்பா தேநீர் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். ஓலாஃப் வீட்டில் மேஜை, நாற்காலி, ஜன்னல் எல்லாவற்றிலும் ஜெர்மன் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று ரோஸ்விதா பள்ளியில் கேட்டு வந்து சொன்னாள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு நாங்கள் நான்கு பேருமே போனோம். அம்மா கழுத்தில் எதுவும் இல்லாமல் வந்தாள். யாரிடமும் பேசவில்லை, ஆனால் அது அவளாகப் பேசாமல் இருந்தது. லூட்கே மேடையில் தன் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்தார். என் மகளுக்குக் கேட்ட விலக்கைத் திரும்பப் பெறுகிறேன், அவள் போகிறாள் என்றார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

“ஏன் எர்வின், என்னாச்சு?” என்றார் ஓலாஃப். “உங்க வீடே ஜெர்மனின்னு சொன்னீங்களே.”

அப்பா முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஜெர்மன் தெரியாது, ஓலாஃப். எங்கப்பா காலத்தோட போச்சு. சங்கத்துல சொல்றதெல்லாம் மனப்பாடம். என் வீட்டுல யாரும் பேசறதில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் சமாளித்திருக்கலாம். அந்த மண்டபத்துப் பெற்றோரில் கோர்ட்மனைவிட அதிகம் ஜெர்மன் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஆச்சரியம், அது எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இப்போது மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொள்வார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், பீர் வரும் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன்.

ஓலாஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க வீட்டுல ஜெர்மன் பிரச்சினையே இல்ல,” என்றார். “ஆனா பையன் போகணும்னு ரொம்ப ஆசைப்படறான். பிள்ளையோட ஆசையைக் கெடுக்கக் கூடாது பாருங்க. அதனால நானும் வாபஸ் வாங்கறேன்.”

பால்பண்ணைக்காரர் மகளும் ஆசைப்பட்டாள். மருந்துக்கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆசைப்பட்டார்கள். வரிசையாக எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரே சாயங்காலத்தில் ஜெர்மனி ஆசை வந்துவிட்டது. லூட்கே ஒவ்வொருவருக்கும் நிமிராமல் தலையாட்டினார். முடிவில் கணக்குப் பார்த்தால், அந்த மண்டபத்தில் ஜெர்மன் தெரியாத ஒரே ஆள் என் அப்பா.

பிறகு காபி கொடுத்தார்கள். அப்பா நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகவே இருந்தது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. முதுகைக் காட்டினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேறு யாரிடமோ பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அம்மா போய் இரண்டு கோப்பை காபி வாங்கி வந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ஓலாஃபின் மனைவி எங்களைத் தாண்டும்போது ரோஸ்விதாவைப் பார்த்து, பாவம் குழந்தை என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். சுவரோரம் நின்ற ரோஸ்விதாவின் வகுப்புப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார்கள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். அப்பா சாவியைப் போட்டார், திருகவில்லை. கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் மங்கிவிட்டது.

“அவர் சொன்னதையே நீங்க சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் ரோஸ்விதா, பின் சீட்டிலிருந்து.

“எதை?”

“என் பொண்ணு போகணும்னு ஆசைப்படறான்னு. உங்க விஷயத்துல அது பொய் கூட இல்ல. முதல் நாளே சொல்லியிருக்கலாம். யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க.”

அப்பா கையால் முன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் பள்ளியின் வாசல் விளக்கும், அதன் கீழே குடையை விரித்துக்கொண்டிருந்த ஓலாஃபும் தெரிந்தார்கள். ஓலாஃப் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக் குடையை விரித்தார்.

“எனக்கு அது தோணவே இல்லம்மா,” என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். ரோஸ்விதா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை.

“நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகணும்,” என்றாள். “வண்டியை எடுங்கப்பா.”